பழைய காரின் உடம்பைப் புதுப்பித்தல்: நாமே செய்யலாமா?

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து, மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில், பழைய மோட்டார் கார் என்பது வெறும் வாகனமாக மட்டும் இருப்பதில்லை. அது தகப்பனார் தமது உத்தியோகத்தின் முதற் சேமிப்பில் வாங்கியதாக இருக்கலாம்; அல்லது ஓய்வு பெறும் காலத்தில் ஆசைக்கென்று தேடிப் பிடித்ததாக இருக்கலாம். ஓடாமல் நிற்கும் அவ்வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ள மனம் துணிவதில்லை. பட்டறைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டால் கை துணிவதில்லை. அப்பொழுது வீட்டிலுள்ள எவரேனும் ஒருவருக்கு ஒரு யோசனை பிறக்கிறது. "இதை நாமே செய்தால் என்ன?"

நல்ல கேள்விதான். தன் கையால் ஒன்றைச் செப்பனிடுவதில் உள்ள மகிழ்ச்சி விலை கொடுத்து வாங்கத் தக்கதன்று. ஆயினும் இக்கேள்விக்கு "செய்யலாம்" என்றோ, "வேண்டாம்" என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது சரியாகாது. காரின் உடம்பைப் புதுப்பித்தல் என்பது ஒரு வேலையன்று. பல வேலைகளின் தொகுப்பு. அவற்றுள் சில, பொறுமை மட்டுமே உள்ள எவருக்கும் கைகூடும். சில, பயிற்சி பெற்ற கைகளுக்கே உரியவை. இன்னும் சில, வீட்டு வளாகத்தில் செய்யவே கூடாதவை. இவற்றைப் பகுத்துப் பார்க்காமல் இறங்கியவர்களின் வண்டிகளே பாதி கழற்றிய நிலையில், பானெட் ஓரிடத்திலும் கதவுகள் வேறிடத்திலுமாகக் கிடந்து, இறுதியில் எடைக்குப் போகின்றன. ஒரு காரைக் கழற்றுவது சில ஞாயிற்றுக்கிழமைகளின் வேலை. அதைத் திரும்பப் பூட்டி ஓட்டுவதோ ஆண்டுக் கணக்கிலும் நீளக்கூடும். ஆகவே ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்னரே முடிவு செய்ய வேண்டியவை எவை என்பதை இங்கே ஆராய்வோம்.

வண்டியின் எலும்பு எது?

முதலாவதாக, நம் வண்டி எந்த இனத்தைச் சேர்ந்தது என்று அறிதல் அவசியம். மோட்டார் கார்களின் உடலமைப்பு இரு வகைப்படும். ஒன்றில், கனத்த இரும்பால் ஆன அடிச்சட்டம் தனியே இருக்கும். இஞ்சினையும் சக்கரங்களையும் அது தாங்கும். உடற்கூடு அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். மற்றொன்றில் தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடு, பக்கவாட்டு விட்டங்கள், தூண்கள், கூரை ஆகிய யாவும் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்டு, உடம்பே எலும்பாகவும் நிற்கும்.

நம் நாட்டுச் சாலைகளில் பெரிதும் பழகிய கார்கள் இரண்டுமே இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி 1950-களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கி, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்ற அம்பாஸடர் ஒன்று. மும்பைக் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த ஃபியட் 1100-உம், அதன் வழியில் வந்த பத்மினியும் மற்றொன்று. மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் சாலைக்கு வந்தது. அங்குள்ள 20 ஆண்டு வரம்பின்படி 2023 அக்டோபரில் அதன் ஓட்டம் முடிந்தது. இவ்வகைக் கார்களில் தரைத்தகட்டையோ, கதவுகளுக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற விட்டத்தையோ துரு தின்றுவிட்டால், அது தோல் நோயன்று, முதுகெலும்பின் நோய். பட்டறைகளில் "ரன்னிங் போர்டு" என்றும் வழங்கும் இந்த விட்டத்தின் உறுதியிலேதான் கதவுகள் நேராக மூடுவதும், விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களின் உயிர் காக்கப்படுவதும் அடங்கியுள்ளன.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு மாறானது. அதற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. உடற்பகுதிகள் பலவும் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டவை. முன்பக்கத்து மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே பகுதியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். பழைய ஜீப்புகளும் தனிச்சட்ட வகையே. இத்தகைய வண்டிகளில் ஒரு பகுதியைக் கழற்றி, தனியே வைத்து வேலை செய்து, மீண்டும் மாட்டலாம். ஆகையால் புதிதாகக் கற்பவருக்கு இவை இணக்கமானவை. ஆனால் அடிச்சட்டத்திலேயே துரு ஏறியிருந்தால் இங்கும் நிலைமை மாறிவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வண்டிகள் சிலவற்றிலோ, தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். அங்கே இரும்பு வேலைக்காரரோடு தேர்ந்த தச்சரும் தேவைப்படுவார்.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

இரண்டாவதாக, வியாதி எவ்வளவு என்று காண வேண்டும். பளபளப்பான பெயின்ட்டைக் கண்டு மகிழ்வதும் கூடாது. வெளியே தெரியும் துருவைக் கண்டு கலங்குவதும் கூடாது. வெளியே தெரிவது பெரும்பாலும் எளிதில் தீரக்கூடியது. காருக்கு முடிவு கட்டும் துரு, மழைநீரும் மண்ணும் தேங்கி வெளியேற வழியற்ற மூலைகளில் உள்ளிருந்து வளர்கிறது.

பார்க்க வேண்டிய இடங்கள் வருமாறு: கால்விரிப்புக்கு அடியிலுள்ள தரைத்தகடு, மேலே கூறிய பக்க விட்டங்கள், ஜாக்கி கொடுக்கும் இடங்கள், மட்கார்டின் உள்வளைவு, முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடியிலுள்ள விளிம்பு, கதவுகளின் கீழ்ப்பகுதி, டிக்கியின் தரையும் ஸ்டெப்னி வைக்கும் குழியும், பாட்டரி அமரும் தட்டு, பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகள் உடம்போடு இணையும் இடங்கள். கதவுகளின் அடியில் சிறு வடிதுளைகள் உண்டு. அவை மண்ணடைத்துப் போனால் கதவே தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

சோதிக்கும் முறை எளியது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். இரும்பிருக்கும் இடத்தில் பற்றும்; முன்னொரு காலத்தில் எவரோ ஓட்டையைப் பட்டி வைத்து மூடிய இடத்தில் பற்றாது, அல்லது தளர்ந்து பற்றும். பின்னர், மங்கிய முனையுள்ள ஸ்குரூடிரைவரால் தரையையும் விட்டத்தையும் சற்றே அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு எதிர்த்து நிற்கும். கெட்டது அமுங்கும் அல்லது நொறுங்கும். விரலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். இறுதியாக, உறுதியான இடத்தில் ஜாக்கி கொடுத்து வண்டியை ஒரு பக்கம் தூக்கும்பொழுது கதவின் இடைவெளியைக் கவனியுங்கள். தூக்கும் முன் சீராக இருந்த இடைவெளி தூக்கியபின் மாறினால், அல்லது கதவு இறுகிக்கொண்டால், எலும்பு தளர்ந்துவிட்டது என்பது பொருள்.

இவ்வளவையும் ஒரு தாளில் வண்டியின் படம் வரைந்து, குறிகள் இட்டு எழுதிக் கொள்ளுங்கள். அந்தத் தாளே நம் முடிவுக்கு அடிப்படை. பட்டறைக்காரரிடம் பேசும்போதும் அது பயன்படும். நம்மூரில் "டிங்கரிங்" என்று நாம் கேட்டுப் பழகிய தொழில் வடக்கே "டென்டிங்" என்று வழங்கும். சொல் வேறுபட்டாலும், "இந்த இடத்தில் பட்டி வேண்டாம், கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வையுங்கள்" என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளரை எந்த மிஸ்திரியும் மதிப்பார்.

எது நம் கைக்கு அடங்கும்?

இப்பொழுது வேலைகளைப் பகுத்துப் பார்ப்போம். பகுப்பதற்கு ஒரே ஓர் அளவுகோல் போதும். "இவ்வேலை பிழைபட்டால் என்ன நேரும்?" என்று கேட்டுக்கொள்வதே அது. பிழைபட்டால் மீண்டும் தேய்த்துச் செய்யலாம் என்றால், அது நம் வேலை. பிழைபட்டால் வண்டி கோணிப்போகும், அல்லது ஆளுக்கு ஆபத்து என்றால், அது தொழில் அறிந்தவரின் வேலை.

இருக்கைகள், விரிப்புகள், பம்பர், விளக்குகள், கதவுப் பிடிகள், ஓரப் பட்டைகள் ஆகியவற்றைக் கழற்றுவது நம் வேலை. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் புகைப்படம் எடுத்தல் வேண்டும். திருகுகளைச் சிறு பைகளில் இட்டு, எந்த இடத்துத் திருகு என்று தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து நம் நினைவு நமக்கு உதவாது. அந்தச் சீட்டு உதவும். பழைய பெயின்ட்டை நீக்குவது, மேல்துருவைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி தடவுவது, சிறு பள்ளங்களுக்குப் பட்டி பார்ப்பது, உப்புத்தாளால் சமன் செய்வது, பிரைமர் பூசுவது ஆகிய யாவும் பொறுமையுள்ளவருக்குக் கைகூடுபவை. தொழிற்கூலியில் பெரும்பங்கு இந்த நேர வேலைக்கே போகிறது. ஆகவே நம் உழைப்பால் மிச்சமாவதும் இங்கேதான்.

பட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அது பள்ளத்தை நிரவுவதற்கு, ஓட்டையை மூடுவதற்கன்று. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனமாக அப்பினால் நாளடைவில் விரிசல் விடும். ஓட்டையின் மேல் அப்பினால், அது பின்புறத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி, உள்ளே துருவை வளர்த்து, ஒரு மழைக்காலத்துக்குள் கொப்புளமாக வெளிப்படும்.

வெல்டிங் நடுநிலையான வேலை. கார்த் தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கேட்டும் கிராதியும் ஒட்டும் சாதாரண ஆர்க் வெல்டிங் இதில் ஓட்டை போட்டுவிடும். கேஸ் வெல்டிங்கில் பழகாத கை, சூட்டினால் தகட்டை நெளியச் செய்துவிடும். மிக் வெல்டிங் கருவியால், இங்கொரு புள்ளியும் அங்கொரு புள்ளியுமாக வைத்து ஆறவிட்டுச் செய்வதே ஏற்றது. பயிற்சி பெற்றவர் கதவுத் தகட்டையும், பாரம் தாங்காத மட்கார்டையும் தாமே ஒட்டலாம்.

பக்க விட்டம், தூண், ஸ்பிரிங் பொருந்தும் இடம் ஆகியவற்றை மட்டும் அனுபவமுள்ளவரிடமே விட வேண்டும். அங்கும் நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. பக்க விட்டத்தை அறுக்கும் முன், கதவு வாய்க்குக் குறுக்கே தற்காலிகமாக இரும்புக் குழாய்களை வைத்துப் பிணைத்தாரா? வண்டி சமதளத்தில் சரியாகத் தாங்கப்பட்டுள்ளதா? ஒரு பக்கத்தை முழுதும் முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொடுகிறாரா? இம்மூன்றையும் கவனியாமல் அறுத்தால், கூடு தன் பாரத்தாலேயே தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையாகும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

செலவை மிச்சப்படுத்தும் ஆவலில் உடல்நலத்தை அடகு வைத்தல் தகாது. இவ்விஷயத்தில் நான்கு செய்திகளை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு விளைப்பது. நீர் தெளித்து ஈர உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அழுக்கு நீரைச் செடிகளுக்கு ஊற்றலாகாது. வேலை செய்த உடையைக் குடும்பத்தாரின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

இரண்டாவது, இன்றைய பட்டறைகளில் மேற்பூச்சுக்குப் பெரிதும் உபயோகமாகும் இரு கூட்டுப் பெயின்ட்டுகளின் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் உள்ளது. அதைத் தெளிக்கும்போது எழும் பனி போன்ற திவலை, ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. துணியால் மூக்கை மூடுவது அதற்குக் காப்பாகாது. வெளியிலிருந்து தூய காற்றைச் செலுத்தும் முகமூடி வேண்டும். அடுக்கு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இதைத் தெளித்தால், மாடியில் தூங்கும் குழந்தைகளும் அதைச் சுவாசிப்பார்கள். ஆகையால் மேற்பூச்சை மட்டும் மூடிய பெயின்ட் கூடம் உள்ள பட்டறையில் விடுவதே உசிதம்.

மூன்றாவது, பெட்ரோல் டாங்க். தீப்பொறி எழும் எவ்வேலைக்கும் முன் அதைக் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். நிறைந்த டாங்கைக் கண்டு அஞ்சுபவர் காலியான டாங்கை அலட்சியம் செய்வர். ஆனால் காலி டாங்கில் தங்கியுள்ள ஆவிதான் வெடிக்கும். அதை வீட்டில் ஒட்ட முற்படவே கூடாது. பாட்டரி இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும்.

நான்காவது, ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் புகலாகாது. உறுதியான ஸ்டாண்டுகள் நான்கு வாங்குவதே இம்முயற்சியின் முதற் செலவாக இருக்கட்டும்.

இடமும் காலமும் மழையும்

சொந்த ஊரில் தோட்டமும் கொட்டகையும் உள்ளவருக்கு இல்லாத சங்கடம் ஒன்று நமக்கு உண்டு. நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டிலோ, பலர் சேர்ந்து வாழும் கூட்டுறவு வீட்டு வளாகத்திலோ இருக்கிறோம். அங்கே கார் நிறுத்த இடமுண்டு. காரைப் பிரித்துப் போட இடமில்லை. கழற்றிய உடற்பகுதிகளைப் பரப்பினால், கார் நின்ற இடத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் வேண்டும். கிரைண்டரின் ஓசையை அண்டை வீட்டார் ஒரு ஞாயிறு பொறுப்பார்கள். பத்து ஞாயிறு பொறுக்கமாட்டார்கள். சங்க நிர்வாகிகளிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவதும், பூட்டுள்ள கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடிப்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டியவை.

மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி யோசிக்க வேண்டும். ஓடுகிற காரை ரயிலிலோ லாரியிலோ அனுப்பலாம். ஐம்பது துண்டாகக் கிடக்கும் காரை எப்படி அனுப்புவது? மாற்றல் எதிர்பார்க்கும் ஆண்டில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. வேறு வழியில்லை எனில், ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டு, பின்னர் அடுத்ததைத் தொடும் முறையே பாதுகாப்பானது.

பருவம் பார்த்துத் தொடங்குவதும் முக்கியம். பெயின்ட் நீக்கிய வெறுந்தகடு, மும்பையின் கடற்காற்றில் ஓரிரவிலேயே செம்மை பூக்கும். சாதாரணப் பிரைமர் நுண்துளைகள் கொண்டது. அது ஈரத்தைத் தடுக்காது. "பிரைமர் பூசிவிட்டோம்" என்று நிம்மதியாக ஒரு மழைக்காலம் வெளியே நிறுத்தினால், அதன் அடியிலேயே துரு படரும். நெடுநாள் காத்திருக்க வேண்டுமாயின், ஈரம் புகாத எபாக்ஸி பிரைமர் பூச வேண்டும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருப்பவர்கள் மழை ஓய்ந்தபின் தொடங்கி, அடுத்த ஜூனுக்குள் பூச்சு வேலையை முடிக்குமாறு திட்டமிடல் வேண்டும். டில்லியில் குளிர்காலத்துப் பனி ஈரத்தைக் கவனிக்க வேண்டும். சென்னைக்கே வண்டியைக் கொண்டுபோய்ச் செய்ய எண்ணுவோர் வடகிழக்குப் பருவமழை பொழியும் மாதங்களைத் தவிர்க்க வேண்டும்.

பணமும் சட்டமும்

நாமே செய்தால் மிச்சமாவது கூலி மட்டுமே. தகடும், பெயின்ட்டும், ரப்பர்களும், குரோம் முலாமும் எவர் செய்தாலும் ஒரே விலைதான். கருவிகள் வாங்கும் செலவோ நமக்கே உரியது. ஒரே ஒரு காருக்காகக் கம்பிரஸர், வெல்டிங் கருவி, கிரைண்டர் யாவும் வாங்கினால் மிச்சம் என்பது கண்ணில் படாமலே போகலாம். எனவே பணத்தை மட்டும் எண்ணி இதில் இறங்குபவர் ஏமாற்றமடைய இடமுண்டு. கற்கும் ஆசையும், பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலைக் காட்டும் விருப்பமும் உள்ளவருக்கே இது இலாபம்.

பழைய உதிரிப் பகுதிகளுக்கு நம் நகரங்களிலேயே வழி உண்டு. டில்லியின் மாயாபுரி, கொல்கத்தாவின் மல்லிக் பஜார், மும்பையின் குர்லா, சென்னையின் புதுப்பேட்டை ஆகியவை இதற்குப் பேர் பெற்ற இடங்கள். ஊருக்குப் போகும் விடுமுறையில் புதுப்பேட்டையில் ஒரு நாளைச் செலவிடுவது வீணாகாது. ஆனால் அளவெடுத்த தாளும் பழைய பகுதியின் புகைப்படமும் கையில் இருக்கட்டும்.

சட்ட விஷயங்களை வேலைக்கு முன்பே தெரிந்துகொள்வது நலம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. ஊர்ப் பதிவெண்ணோடு இங்கே நிற்கும் கார்களுக்கு இது பொருந்தும். பதிவுச் சான்றில் கண்ட நிறத்தை மாற்றினால் அதை அச்சான்றில் பதிவு செய்விக்க வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தைக் கிரைண்டர் தொடவே கூடாது. அது அழிந்தால் வண்டியின் அடையாளமே அழிந்தது போலாகும்.

டில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது; 2025-இல் அந்நீதிமன்றமே மறுபடியும் இவ்விஷயத்தை ஆராய்ந்து சில மாறுதல்கள் செய்தது. எனவே அங்குள்ளோர், தொடங்கும் நாளில் உள்ள நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே பணம் செலவிட வேண்டும்.

50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பதிவெண்ணில் "வி.ஏ." என்ற குறி இடம்பெறும். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி அன்றாட உபயோகத்துக்கு ஓட்டலாகாது. இவ்விதிகளில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டி அசல் வடிவிலேயே பேணப்பட்டிருத்தல் வேண்டும். அடிச்சட்டத்திலோ, உடற்கூட்டிலோ, இஞ்சினிலோ மாற்றம் செய்து பெரிய அளவில் திருத்தியமைத்த வண்டி இத்தகுதி பெறாது. ஆகவே நம் வேலை, இருந்ததை இருந்தபடி நிலைநிறுத்துவதாக இருக்க வேண்டுமேயன்றி, நம் கற்பனைக்கேற்ப உருமாற்றுவதாக இருத்தலாகாது. ஒவ்வொரு நிலையிலும் எடுத்த புகைப்படங்கள் இதற்குச் சாட்சியாக உதவும்.

ஒரு கதவால் தெரியும் உண்மை

இவ்வளவும் படித்த பின்னும் மனம் ஊசலாடுவோருக்கு ஒரு சோதனை கூறுவோம். நம் காரைத் தொட வேண்டாம். காயலான் கடைக்குச் சென்று, கீழ்ப்பகுதி துருவேறிய பழைய கார்க் கதவு ஒன்றை எடைக்கு வாங்கி வாருங்கள். அதன் பெயின்ட்டை நீக்குங்கள். கெட்ட தகட்டை வெட்டுங்கள். வெல்டிங் அறிந்தவரின் மேற்பார்வையில் புதுத் துண்டை ஒட்டுங்கள். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் பூசி முடியுங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் கதவின் பரப்பை ஓரத்திலிருந்து பாருங்கள். அலையலையாகத் தெரிகிறதா, சமமாகத் தெரிகிறதா?

காரில் நான்கு கதவுகள், நான்கு மட்கார்டுகள், பானெட், டிக்கி, கூரை, தரை ஆகியவை உள்ளன. ஒரு கதவுக்கு ஆன நாளைக் கொண்டு கணக்கிட்டால் முழுக் காருக்கும் ஆகும் காலம் விளங்கிவிடும். அந்தக் காலத்தை நம் உத்தியோகமும், பிள்ளைகளின் படிப்பும், பெரியோரின் உடல்நிலையும் நமக்கு விட்டுக்கொடுக்குமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமைகள் ஒருவருக்கு மட்டும் சொந்தமானவையல்ல. வீட்டார் அனைவரின் சம்மதமும் வேண்டும். கதவு வேலை இன்பமாக இருந்தால் துணிந்து இறங்கலாம். பாதியில் சலிப்புத் தட்டினால், நஷ்டம் ஒரு பழைய கதவின் விலையே.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு என்பதை மறக்கலாகாது. எதையும் கழற்றாமல் காப்பாற்றுவதும் ஒரு முடிவுதான். வடிதுளைகளைத் திறந்துவிட்டு, மூலைகளின் மண்ணைக் கழுவி உலர்த்தி, பக்க விட்டங்களின் உட்புறத்தில் துருத்தடுப்பு மெழுகு செலுத்தி, கசியும் ரப்பர்களை மாற்றி, காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் நிறுத்தினால், துருவின் வேகம் பெரிதும் தணியும். நிறம் மங்கினாலும் உறுதியான உடம்போடு நிற்கும் காரை, பத்தாண்டு கழித்து வசதியும் ஓய்வும் வாய்க்கும்போது நாமோ நம் பிள்ளைகளோ புதுப்பிக்க இயலும். அவசரத்தில் பிரித்துப் போட்ட காருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே நாம் கூறக்கூடிய முடிவு இதுதான். கழற்றுதல், தேய்த்தல், துரு நீக்குதல், சமன் செய்தல், பூட்டுதல் ஆகியவற்றை நாமே மேற்கொள்வோம். எலும்பை ஒட்டும் வேலையையும், மேற்பூச்சுத் தெளிக்கும் வேலையையும் அறிந்தவரிடம் விட்டு, அருகிருந்து கவனிப்போம். இடமோ காலமோ வாய்க்கவில்லை எனில், கெடாமல் மட்டும் காத்து வைப்போம். எவ்வழியைத் தேர்ந்தாலும், முதல் வேலை இந்த வாரமே செய்யக்கூடியது: கால்விரிப்பைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.